கோப்பை வென்ற கிளப்புகள் எங்கே போயின?

2020 மார்ச் மாதத்தில் இந்தியக் கால்பந்துக்கு மூன்று சாம்பியன்கள் இருந்தார்கள். மார்ச் 10 அன்று வங்காளத்தின் கல்யாணி மைதானத்தில் ஐசால் அணியை 1-0 என்று வென்று, நான்கு சுற்று ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே கல்கத்தாவின் மோகன் பகான், பழைய தேசிய லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தை எடுத்தது. நான்கு நாள் கழித்து, கொரோனா அச்சத்தால் பார்வையாளர்களே அனுமதிக்கப்படாத கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று தோற்கடித்து, கல்கத்தாவின் இன்னொரு அணியான ஏ.டி.கே., இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல்.லின் கோப்பையைத் தூக்கியது. அதே ஐ.எஸ்.எல்.லின் லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததற்கான கேடயம் பிப்ரவரியிலேயே எஃப்.சி. கோவாவிடம் போய்விட்டது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் வாய்ப்பும் அவர்களுக்குத்தான். ஜூன் 1 பிறந்தபோது அந்த மூவரில் இருவர் ஒன்றாகிவிட்டார்கள். ஏ.டி.கே. மோகன் பகான் என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ சாம்பியன்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நூறு வருடத்துக்கு முன் வென்ற கிளப் இன்றும் ஏதோ ஒரு பிரிவில் ஆடிக்கொண்டிருக்கும். இந்தியாவில் தேசிய லீக் தொடங்கி முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1996-97 முதல் 2024-25 வரை தேசியக் கால்பந்து லீக், அதன் வாரிசான ஐ-லீக் இரண்டையும் சேர்த்து 29 பருவங்கள், 14 சாம்பியன் கிளப்புகள். அந்தப் பதினாலில் சில அடியோடு கலைக்கப்பட்டுவிட்டன. சில தாமாகவே விலகிக்கொண்டன, சில பெயர் மாறின. பட்டம் வென்றது எதையும் காப்பாற்றவில்லை. யார் எப்போது ஜெயித்தார் என்பதைவிட, ஜெயித்தவருக்கு அப்போது படியளந்த கை எது, அது ஏன் பின்வாங்கியது என்று கேட்டால்தான் இந்தப் பட்டியல் நமக்குப் புரியும்.

1996க்கு முன் நாடு முழுவதற்குமான லீக் என்று ஒன்று இல்லை. டூரண்ட் கோப்பை 1888லேயே வந்துவிட்டது. ரோவர்ஸ் கோப்பை, ஐ.எஃப்.ஏ. கேடயம், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி, 1977 முதல் ஃபெடரேஷன் கோப்பை என்று போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் ஒரு சில வாரங்களில் முடியும் நாக்-அவுட் அல்லது குறுகிய தொடர்கள். லீக் என்றால் அது ஊர் லீக்தான்: கல்கத்தா லீக், கோவா லீக், நம் சென்னை லீக். கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ரசிகர் பலத்தில் வாழ்ந்தன. மற்ற ஊர்களில் கிளப் என்றாலே பெரும்பாலும் ஏதாவதொரு ஆலையின், வங்கியின், பொதுத்துறை நிறுவனத்தின் அணி. ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் அந்த நிறுவனத்தின் ஊழியன் என்ற முறையில் வந்தது. முதல் ஃபெடரேஷன் கோப்பையை வென்றதே பெங்களூரின் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) அணிதான், அதுவும் இறுதியாட்டத்தில் மோகன் பகானைத் தோற்கடித்து.

இந்தப் பின்னணியோடு பார்த்தால், 1996-97ல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கை ஒரு பஞ்சாலை அணி வென்றது தற்செயல் அல்ல. பஞ்சாபின் பக்வாரா என்ற சிறு தொழில் நகரத்தில் இருந்த ஜே.சி.டி. மில்ஸ் 1971ல் அணியைத் தொடங்கியது. 1996ல் அது பாய்ச்சுங் பூட்டியா, ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, கார்ல்டன் சாப்மன் என்று நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை ஒரே சட்டையில் நிறுத்தியது. சிக்கிமிலிருந்து ஒருவர், கேரளத்திலிருந்து இருவர், பெங்களூரிலிருந்து ஒருவர். இவர்களை பக்வாராவுக்கு வரவழைக்க ஒரு ஆலையால் முடிந்தது. பயிற்சியாளர் சுக்விந்தர் சிங். 14 கோல்களுடன் பூட்டியா அந்தப் பருவத்தின் முதல் கோல்காரர். கல்கத்தா ஜாம்பவான்களுக்குத்தான் முதல் பட்டம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

தமிழ்நாட்டின் இந்தியன் வங்கி அணியும் அந்த ஆண்டுகளில் தேசிய லீக்கில் ஆடியது. 1997-98 பருவத்தில் அதிக கோல் அடித்தவர் நம் ராமன் விஜயன். இந்த விஷயம் தமிழ்நாட்டிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேரளத்தின் விஜயனை நாடே அறியும். நம் விஜயனை நாம்கூடச் சரியாகக் கொண்டாடவில்லை.

முதல் பருவத்தில் விட்டதைக் கல்கத்தா சீக்கிரமே பிடித்தது. 1997-98ல் மோகன் பகான், 1999-2000ல் மறுபடி மோகன் பகான், 2000-01ல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்கால், 2001-02ல் மீண்டும் மோகன் பகான், பிறகு 2002-03, 2003-04 இரண்டும் ஈஸ்ட் பெங்கால். நடுவில் 1998-99ல் மட்டும் கோவாவின் சல்கோகர். இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ரசிகர் கூட்டம் மட்டும் இல்லை. 1998ல் விஜய் மல்லையாவின் யுனைட்டெட் புருவரீஸ் குழுமம் பரம எதிரிகளான இரண்டு கிளப்புகளிலும் ஒரே நேரத்தில் பாதிப் பங்கை வாங்கியது. ஒன்று மெக்டவல் மோகன் பகான், மற்றது கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். பகையாளிகள் இருவருக்கும் ஒரே கை படியளந்தது.

2001-02ன் கடைசி ஆட்டம் தனியாகச் சொல்ல வேண்டியது. கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸும் மோகன் பகானும் மோதின. டிரா செய்திருந்தாலே சர்ச்சிலுக்குப் பட்டம். அப்துல் சாலியு அடித்த ஒற்றை கோலில் மோகன் பகான் ஜெயித்து, எதிரியின் ஊரிலேயே கோப்பையைத் தூக்கியது. அதன் பிறகு மோகன் பகான் மறுபடி தேசிய சாம்பியன் ஆக 13 வருடம் ஆயிற்று. ஈஸ்ட் பெங்காலின் கதை இன்னும் கடினமானது. 2003ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற அந்த அணி, 2003-04க்குப் பிறகு 2024-25 வரை தேசிய லீக் எதையும் வெல்லவில்லை. ஐ-லீக்கில் நான்கு முறை இரண்டாமிடம். படியளக்கும் கையோ மாறிக்கொண்டே வந்தது: மல்லையாவின் குழுமத்துக்குப் பிறகு 2018ல் குவெஸ், 2020ல் ஸ்ரீ சிமெண்ட், 2022ல் இமாமி. ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே மாதக்கணக்கில் இழுபறி. அணியைச் சேர்க்க வேண்டிய கோடை மாதங்கள் அதிலேயே கரைந்தன.

2004-05 முதல் 2012-13 வரையிலான ஒன்பது பருவங்களில் எட்டில் கோவாவின் கிளப்புகள்தான் சாம்பியன். டெம்போ ஐந்து முறை, சர்ச்சில் பிரதர்ஸ் இரண்டு முறை, சல்கோகர் ஒரு முறை. அந்த ஓட்டத்தை ஒரே ஒரு தடவை தடுத்தது 2005-06ல் மும்பையின் மஹிந்திரா யுனைட்டெட், அதன் பயிற்சியாளர் டெரிக் பெரேராவும் கோவாக்காரர். சுமார் 15 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள ஒரு மாநிலம் இப்படி நாட்டை ஆண்டதற்கு இணையாக இந்திய விளையாட்டில் வேறொன்றை என்னால் எளிதில் சொல்ல முடியவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கோவாவில் கால்பந்து என்பது கிராமத்து ஆட்டம். தேவாலயத்தை ஒட்டிய திடலில், அறுவடை முடிந்த வயலில், ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். ஆட்டக்காரர்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மற்றது இரும்புத் தாது. டெம்போவும் சல்கோகரும் சுரங்கத் தொழிலில் வளர்ந்த குடும்பங்கள். கோவாவின் தாது கப்பலேறி ஜப்பானுக்குப் போனது, பிறகு சீனாவுக்குப் போனது. அந்தப் பணத்தில் ஒரு துளி கால்பந்துக்கு வந்தது. தாது விலை ஏறிய காலமும் கோவா கிளப்புகளின் பொற்காலமும் ஒன்றாகவே இருக்கின்றன.

டெம்போவின் எழுச்சி ஒரு சாவோடு தொடங்கியது. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் மோகன் பகானுக்கு எதிரான ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போவின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலை அடித்த கையோடு கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. முந்தைய பருவத்தில் ஈஸ்ட் பெங்காலுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். டெம்போ 10ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று எடுத்து வைத்தது. அந்த அணிதான் சில மாதங்களில் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. அர்மாண்டோ கொலாசோ பயிற்சியில் அடுத்த எட்டு ஆண்டுகளில் ஐந்து பட்டங்கள். மகேஷ் காவ்லி, சமீர் நாயக், கிளைமேக்ஸ் லாரன்ஸ், கிளிஃபோர்ட் மிராண்டா என்று உள்ளூர்ப் பையன்களே முதுகெலும்பு. முன்னால் நைஜீரியாவின் ராண்டி மார்ட்டின்ஸும் பிரேசிலின் பெட்டோவும். இந்திய கிளப் கால்பந்தில் இவ்வளவு காலம் கலையாமல் இருந்த அணி வேறு இல்லை என்பது என் எண்ணம். வருடா வருடம் அணியைக் கலைத்துப் போட்டுப் புதிதாகக் கட்டும் பழக்கம் உள்ள நாட்டில், கலைக்காமல் இருந்ததுதான் அவர்கள் வென்றதற்கு முதல் காரணம். 2007-08ல் பெயர் மாறி ஐ-லீக் ஆன முதல் வருடம் டெம்போவும் சர்ச்சிலும் ஒரே 36 புள்ளிகளில் நின்றபோது கோல் வித்தியாசம்தான் டெம்போவுக்குப் பட்டத்தைத் தந்தது. 2008ல் ஆசியக் கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையில் அரையிறுதி வரை போனார்கள்.

அப்புறம் பணம் வற்றியது. 2009ல் டெம்போ குடும்பம் தன் சுரங்கத் தொழிலை சேசா கோவா என்ற சுரங்க நிறுவனத்துக்கு விற்றது. 2012ல் சட்டவிரோதச் சுரங்கங்கள் பற்றிய விசாரணைகளைத் தொடர்ந்து கோவாவில் சுரங்க வேலைகளையே உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 2013க்குப் பிறகு கோவாவின் எந்தக் கிளப்பும் ஐ-லீக்கை வெல்லவில்லை. சர்ச்சில், பட்டம் வென்ற மறுவருடமே தடுமாறி, 2014ல் உரிம விதிகளை நிறைவு செய்யவில்லை என்று வெளியேற்றப்பட்டது. டெம்போ 2014-15ல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, அடுத்த வருடமே அந்தப் பிரிவை வென்று திரும்பும் தகுதியைப் பெற்றது, ஆனால் அப்போது திரும்பவில்லை. 2016ல் டெம்போவும் சல்கோகரும் ஸ்போர்ட்டிங் கோவாவும் ஐ-லீக்கிலிருந்து விலகிக்கொண்டன.

ஏன் விலகினார்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஒரு ஒப்பந்தம் போட்டது. இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் மொத்தமும் அதில் அடக்கம். நாட்டின் கால்பந்தையே ஒரு நிறுவனத்திடம் குத்தகைக்கு விட்டது போலத்தான். அந்த ஒப்பந்தத்தின் பிள்ளைதான் 2014ல் வந்த ஐ.எஸ்.எல். சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் உரிமையாளர்கள், ஐரோப்பாவில் பெயர் பெற்ற மூத்த ஆட்டக்காரர்கள், தொலைக்காட்சியில் நல்ல நேரம். முதலில் இரண்டரை மாதத் தொடராக இருந்தது. 2016ல் சம்மேளனம் முன்வைத்த திட்டத்தில் ஐ.எஸ்.எல். முதல் பிரிவாகவும் ஐ-லீக் அதற்குக் கீழாகவும் இருந்தன, ஏறிப்போக வழியும் இல்லை. பல பத்தாண்டுகள் கைக்காசைப் போட்டு அணி நடத்திய கோவாக்காரர்கள் அதை ஏற்கவில்லை. அவர்களின் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஜெயித்தாலும் மேலே போக முடியாத லீக்கில் எந்த உரிமையாளர் பணம் போடுவார்?

அதற்கும் முன்பே நிறுவன அணிகளின் காலம் முடிந்துவிட்டது. மஹிந்திரா யுனைட்டெட் 2010ல் கலைக்கப்பட்டது. முதல் சாம்பியன் ஜே.சி.டி. 2011ல் கலைக்கப்பட்டது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, கிளப் என்றால் அது தனி நிறுவனமாகப் பதிவாகியிருக்க வேண்டும், இளையோர் அணிகள் இருக்க வேண்டும், கணக்கு வழக்கு தணிக்கையாக வேண்டும் என்று உரிம விதிகளைக் கொண்டுவந்தது. 2013ல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் அந்த விதிகளுக்குள் வராததால் வெளியேற்றப்பட்டன. விதி தவறு என்று நான் சொல்ல மாட்டேன், வெளிநாடுகளில் கிளப்புகளைக் காப்பாற்றுவதே அந்த விதிகள்தான். ஆனால் டிக்கெட் வருமானமும் இல்லாமல், தொலைக்காட்சிப் பணமும் இல்லாமல், தனி நிறுவனமாக நிற்க ஒரு கிளப்பால் எப்படி முடியும் என்ற கேள்விக்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

புது விதிகளுக்கென்றே பிறந்தது போல வந்தது பெங்களூரு எஃப்.சி. ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 2013ல் தொடங்கி, ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியில், சுனில் சேத்ரி தலைமையில், முதல் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது. பயிற்சி, உணவு, உடற்தகுதி என்று ஒவ்வொன்றிலும் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த அணி அது. 2015 மே 31 அன்று கண்டீரவா மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் பெங்களூரு 1-0 என்று முன்னிலையில் இருந்தது. பட்டம் அவர்கள் கைக்குப் போகும் நேரம். 87ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் தள்ளி பெல்லோ ரசாக் மோகன் பகானுக்கு டிராவையும், 13 ஆண்டுக்குப் பிறகு பட்டத்தையும் வாங்கித் தந்தார். அடுத்த வருடம் பெங்களூரு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது, 2017ல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போய்விட்டது.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகப் பிடித்தவை.

ஐசால் எஃப்.சி. 2015-16ல் ஐ-லீக்கிலிருந்து இறக்கப்பட்ட அணி. கோவா கிளப்புகள் விலகியதால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப அவர்களைத் திருப்பி அழைத்தார்கள். மும்பை எஃப்.சி. வேண்டாம் என்று அனுப்பிய காலித் ஜமீலைப் பயிற்சியாளராகப் போட்டார்கள். 11 லட்சம் பேர் வாழும் மிசோரம் மாநிலத்தின் பையன்கள், கூடவே சிரியாவின் அல்-அம்னா, லைபீரியாவின் ஆல்ஃபிரட் ஜார்யன். 2017 ஏப்ரலில் ஐசாலில் மோகன் பகானை 83ஆவது நிமிடத்து கோலில் வென்றார்கள். ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் ஒரு டிரா போதும். முதலில் கோல் வாங்கி, 67ஆவது நிமிடத்தில் வில்லியம் லால்நுன்ஃபெலா சமன் செய்து, 1-1. மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தி, வடகிழக்கிலிருந்து வந்த முதல் தேசிய சாம்பியன். கீழே தள்ளப்பட்டவன் ஒரே வருடத்தில் நாட்டின் முதல்வனாவது எந்த நாட்டுக் கால்பந்திலும் நடக்கிற காரியமல்ல. சாம்பியனுக்குக் கிடைத்த பரிசு என்ன? நாட்டின் முக்கிய லீக்காக ஐ.எஸ்.எல். மாறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், அதில் எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று ஐசால் கேட்டது. சாகும்வரை உண்ணாவிரதம் இருப்போம் என்றும் சொல்லிப் பார்த்தது. இடம் கிடைக்கவில்லை. ஜமீலும் அணியின் முக்கிய ஆட்டக்காரர்களும் வேறு ஊர்களுக்குப் போனார்கள். அந்த ஜமீல்தான் 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார்.

2017-18ல் மினர்வா பஞ்சாப். ஜே.சி.டி.க்குப் பிறகு 21 வருடம் கழித்து பஞ்சாபுக்குப் பட்டம். இரண்டாமிடம் இம்பாலின் நெரோகா, அந்த வருடம்தான் மேலே வந்த அணி.

2018-19ல் கோயம்புத்தூர். சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் வீடு கோவை நேரு ஸ்டேடியம்தான். 2016-17ல் லீக்குக்குள் வந்து, முதல் இரண்டு வருடம் அடிமட்டத்தில் தத்தளித்த அணி. சிங்கப்பூரின் அக்பர் நவாஸைப் பயிற்சியாளராக வைத்து, ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடியவர்களைத் தேடிப் பிடித்தது: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா. அவர்களோடு எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரோமாரியோ, அஜித் குமார் போன்ற நம் பையன்கள். பந்தைத் தரையிலேயே வைத்து, சின்னச் சின்ன பாஸ்களில் நகர்த்தும் ஆட்டம். கல்கத்தாவிலும் கோவையிலும் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று வென்றார்கள். மான்சி 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கை வாங்கியது.

2019 மார்ச் 9. கடைசி நாள். கோவையில் சென்னை சிட்டியும் மினர்வாவும், கோழிக்கோட்டில் கோகுலமும் ஈஸ்ட் பெங்காலும், ஒரே நேரத்தில். சென்னை சிட்டி ஒரு புள்ளி முன்னால். மூன்றாவது நிமிடத்தில் மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை 0-1. 56ஆவது நிமிடத்தில் பெனால்ட்டியில் மான்சி சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா, ஒன்றல்ல, இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து 2-1 என்று ஜெயித்துவிட்டது. 43க்கு 42. தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக் சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை, இதுவரை அதுவே கடைசி. அடுத்த ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயர் இல்லை. இரண்டே பருவம். பக்வாராவுக்கு 14 வருடம் கிடைத்தது, கோவைக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

சென்னையின் எஃப்.சி.யை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது ஐ.எஸ்.எல். அணி, 2015லும் 2017-18லும் சாம்பியன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது தன் ஊர் அரையிறுதியை புனேயில் ஆட வேண்டியிருந்தது, ஏ.டி.கே.வை 3-0 என்று வென்றது. இறுதியாட்டத்தில் கோவாவுக்கு எதிராக 90ஆவது நிமிடம் வரை 1-2. எதிரணி கோல்கீப்பரின் சொந்த கோல், உடனே மெண்டோசாவின் கோல், 3-2. 2018ல் பெங்களூரில் அதே 3-2, மெயில்சன் ஆல்வஸ் தலையால் இரண்டு கோல். இரண்டும் பெரிய இரவுகள். ஆனால் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஐ.எஸ்.எல்.லில் 2024-25 வரை சாம்பியன் என்பவர் லீக் முடிந்தபின் வரும் பிளே-ஆஃப் கோப்பையை வென்றவர். பருவம் முழுக்க முதலிடத்தில் நின்றவருக்குக் கேடயம் 2019-20லிருந்துதான். 2021-22ல் கேடயம் ஜாம்ஷெட்பூருக்கு, கோப்பை ஹைதராபாதுக்கு. ஆசியப் போட்டிக்கான சீட்டு கேடயத்தோடு போனது, சாம்பியன் என்ற பட்டமோ கோப்பையோடு போனது. ஒரு லீக்கின் சாம்பியன் யார் என்று கேட்டால் பருவம் முழுதும் எல்லோரையும் முந்தியவர் என்பதே என் பதில். அப்படிப் பார்த்தால் ஒரே பருவத்தில் இரண்டையும் சேர்த்து எடுத்த 2020-21 மும்பை சிட்டியும் 2024-25 மோகன் பகானும்தான் கேள்விக்கு இடமில்லாத ஐ.எஸ்.எல். சாம்பியன்கள்.

ஐ.எஸ்.எல்.லுக்குப் போனால் கிளப்புகள் மறைவது நிற்கும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். நிற்கவில்லை. 2014, 2016, 2019-20 என மூன்று முறை கோப்பை வென்ற ஏ.டி.கே. இன்று ஒரு பெயராகக்கூட இல்லை. மோகன் பகான் ரசிகர்கள் தங்கள் கிளப்பின் பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்த அந்த மூன்று எழுத்துகளை அகற்றச் சொல்லி மூன்று வருடம் போராடினார்கள், 2023ல் அகற்றப்பட்டது. 2021-22 சாம்பியன் ஹைதராபாத், 2023-24ல் 22 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் ஜெயித்துக் கடைசியில் நின்றது. 2025ல் அந்தக் கிளப்பே டெல்லிக்கு இடம் மாறி வேறு பெயர் எடுத்துக்கொண்டது.

இதற்கிடையில் ஐ-லீக்கில் 2020-21, 2021-22 இரண்டையும் கோகுலம் கேரளா வென்றது. ஐ-லீக் பெயர் வந்த பிறகு பட்டத்தைத் தக்கவைத்த முதல் அணி. 2022 மே 14 அன்று கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங்கை 2-1 என்று வென்று பட்டம் எடுத்தார்கள். நான்கே நாளில், அதே மைதானத்தில், ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டத்தில் ஐ.எஸ்.எல்.லின் ஏ.டி.கே. மோகன் பகானை எதிர்கொண்டார்கள். 4-2. கீழ் லீக், மேல் லீக் என்று காகிதத்தில் பிரித்தவர்களுக்கு அன்று இரவு கோகுலம் சொன்ன பதிலை நான் இன்றும் மறக்கவில்லை. அந்த வருடமும் அவர்களுக்கு மேலே போக வழி திறக்கப்படவில்லை. அடுத்த பருவத்தில்தான் திறந்தது: 2022-23ன் சாம்பியன் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப், பழைய மினர்வாவேதான், ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் கிளப். 2023-24ல் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற பழம்பெரும் கிளப்புக்கு அதுதான் முதல் தேசிய லீக் பட்டம். மேலே போன முதல் வருடம் ஐ.எஸ்.எல். பட்டியலில் கடைசி இடம்.

2024-25 ஐ-லீக்கின் கதை மைதானத்தில் முடியவில்லை. கடைசி ஆட்டம் முடிந்தபோது, வெளியேற்றப்பட்டு மீண்டும் லீக்குக்குத் திரும்பியிருந்த சர்ச்சில் பிரதர்ஸ் முதலிடம். ஒரு ஆட்டத்தில் எதிரணி தகுதியில்லாத வீரரை இறக்கியது என்று, இரண்டாமிடத்தில் இருந்த இன்டர் காசி போட்ட வழக்கு சம்மேளனத்தின் குழுக்களுக்குள் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் சர்ச்சிலைச் சாம்பியன் என்று அறிவித்துக் கோப்பையையும் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்டர் காசி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. ஜூலை 18 அன்று தீர்ப்பு வந்தது: இன்டர் காசியே சாம்பியன், மேல் லீக்குக்கு ஏறும் உரிமையும் அதற்கே. அந்தத் தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 11 அன்றுதான், 2010ல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியப்போகிறது, புதுப்பிக்கப்படவில்லை என்று சொல்லி ஐ.எஸ்.எல். பருவத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள்.